கண்மாயைப் பார்த்த நிழற்குடை

பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் சேந்தமங்கை விலக்கில் முதலில் வந்தவை விதிகள். நிழல் அதற்குப் பிறகுதான் வந்தது. சாலைகள் சந்திக்கும் முனையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நிழற்குடை கட்டக் கூடாது, வளைவில் கட்டக் கூடாது, மின்கம்பிக்குக் கீழே கட்டக் கூடாது, கோயில் வாசலை மறைத்துக் கட்டக் கூடாது, பட்டா நிலத்தில் கட்டக் கூடாது, தார் விளிம்பிலிருந்து பத்தடிக்குள் கட்டக் கூடாது, இருக்கிற மரத்தை வெட்டிவிட்டும் கட்டக் கூடாது என்று ஒன்றிய அலுவலகத்தின் சுற்றறிக்கை சொன்னது. ஓவர்சியர் தனுஷ்கோடி அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, டேப்பும் சுண்ணாம்புமாக மூன்று நாள் வெயிலில் நடந்து, ஒவ்வொரு கூடாதுக்கும் தரையில் ஒரு கோடு கிழித்தார். மூன்றாம் நாள் மாலை விலக்கு முழுவதும் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தபோது, கோடு விழாத துண்டு நிலம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. சாலைக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டி, இருபதடி நீளம், பத்தடி அகலம்.

அந்தத் துண்டு நிலத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷத்து மனுக்கள் இருந்தன. விலக்கில் டீக்கடை வைத்திருந்த ராக்கம்மாள், திங்கள்கிழமை தவறாமல் கடையைச் சாத்திவிட்டு, டவுனில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போய் ஒரே மனுவைக் கொடுத்துவிட்டு வருவாள். விலக்கில் நிற்க நிழல் இல்லை, ஒரு நிழற்குடை கட்டித் தர வேண்டுகிறேன் என்று இரண்டே வரி. கொடுத்துக் கொடுத்து மனு எழுதும் கை அவளுக்கு வந்துவிட்டது. ஊரில் யாருக்கு முதியோர் உதவித்தொகை நின்றாலும், யார் வீட்டுத் தெருவிளக்கு எரியாமல் போனாலும், வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குத்தான் வருவார்கள். மனு ராக்கம்மா என்றால்தான் தபால்காரருக்கும் தெரியும்.

நிழற்குடைக்கான மாதிரி வரைபடம் மாவட்டம் முழுமைக்கும் ஒன்றுதான். அது சாலைக்குக் கிழக்கே நிற்கும் குடைக்காக வரையப்பட்டது. அதனால் அதில் திறந்த பக்கம் மேற்கே இருந்தது. இங்கேயோ குடையே சாலைக்கு மேற்கே. இரண்டாம் வரிசைக் கல் வைக்கும்போது கொத்தனார் சூசை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், முதுகு ரோட்டப் பாத்து வருது."

தனுஷ்கோடி வரைபடத்தை விரித்தார். "படத்துல வாசல் மேக்கதான இருக்கு?"

"படத்துல இருக்கு. இங்க மேக்க கண்மாயில்ல கெடக்கு?"

"படத்துல உள்ளபடி கட்டுங்க சூசை. ஆடிட்ல வந்து நீங்களா பதில் சொல்லப் போறீங்க?"

அப்படியாக, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்மாயைப் பார்த்து வாயைத் திறந்தபடி அந்த நிழற்குடை எழுந்து நின்றது. முதுகுச் சுவரில் கவுன்சிலரின் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதினார்கள். சாலையில் போகிற எல்லோருக்கும் பெயர் தெரிந்ததால் கவுன்சிலருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ராக்கம்மாள் மட்டும் திறப்புவிழா மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, கடைக்குள் போய்ப் புது மனு எழுதினாள். நிழற்குடை கிடைத்தது, நன்றி. உள்ளே உட்கார்ந்தால் பஸ் தெரியவில்லை, பஸ்ஸுக்கு நாங்கள் தெரியவில்லை, திருப்பிக் கட்டித் தர வேண்டுகிறேன். அடுத்த திங்கள்கிழமை அதையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் எழுதியது சரியாகத்தான் இருந்தது. நிழலில் உட்கார்ந்தவர்கள் கொக்குகளையும் கோரைப்புல்லையும் பார்த்துக்கொண்டிருக்க, பஸ்கள் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டு நிற்காமல் போயின. சத்தம் கேட்டு எழுந்து சுவரைச் சுற்றி ஓடிவருவதற்குள் புகைதான் மிஞ்சும். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. யாராவது ஒருவர் முறைபோட்டு வெயிலில் நின்று பார்ப்பது, மற்றவர்கள் நிழலில் இருப்பது என்று ஏற்பாடு ஆயிற்று. முறையில் நிற்பவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களில் எல்லோருமே பஸ்ஸை விட்டார்கள்.

குடை திறந்த எட்டாம் மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்து பத்துக்கு, கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. முக்கால் கண்மாய் நிறைந்திருந்தது. தண்ணீரின் மேல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, தெருக்கோழிகளைப் போலக் கொக்குகள் ஒதுங்கி வழிவிட, அது நேராக வந்து நிழற்குடையின் திறந்த பக்கத்தில் நின்றது. உள்ளே ஜெய்னம்பு ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை மாத்திரை வாங்க டவுனுக்குப் புறப்பட்டவள். "ஏறுங்க, ஏறுங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று ஆளில்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு கண்டக்டர் அவசரப்படுத்தினார். நமக்கென்று ஒரு பஸ் வந்து நிற்கும்போது அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஜெய்னம்பு ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் சாலைப் பக்கத்து வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கியவள், நேராக ராக்கம்மாள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை வாங்குனியா?"

"எங்க வாங்குறது? நான் என் தங்கச்சி நிக்காஹுக்குல்ல போயிட்டு வர்றேன்."

"அவதான் பேத்தி எடுத்துட்டாளே."

"அதான் ராக்கு. அன்னைக்கு இந்த விலக்குல நின்னு ஒரு பஸ்ஸ விட்டேன்ல, நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு ஒப்பாரி வச்சேன்ல, அந்தப் பஸ்ஸுதான் இன்னைக்கு வந்துச்சு. போய் இறங்குறேன், அவ கையில மருதாணி இன்னும் காயல. 'வந்துட்டியாக்கா'ன்னு கேட்டா."

"பிரியாணி போட்டாங்களா?"

"ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். ஆனா பாரு, இங்க வந்து இறங்குனதும் வயித்துல ஒண்ணுமே இல்ல. ஒரு பன்னு குடு."

அதன்பிறகு தினமும் பத்து பத்துக்கு அந்தப் பஸ் வந்தது. விட்ட பஸ் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. இந்த விலக்கில் நின்று யார் எந்தப் பஸ்ஸை விட்டிருந்தாலும் அது அவரவருக்கு வரும் என்பதும், போனால் அன்றைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் போய் நிற்கலாம் என்பதும், சாயங்காலம் சாலைப் பக்கம் திரும்பி வந்து இறங்கும்போது இங்கே எதுவும் மாறியிருக்காது என்பதும் ஒரு மாதத்துக்குள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. ஊர் கூடி அதற்கும் கூடாதுகள் வகுத்தது. ஒருவருக்கு ஒரு பஸ்ஸுக்கு மேல் கூடாது, அடுத்தவர் விட்ட பஸ்ஸில் ஏறக் கூடாது, வேண்டுமென்றே விட்ட பஸ்ஸுக்கு உட்காரக் கூடாது, போன இடத்தில் யாரிடமும் வரப்போவதைச் சொல்லக் கூடாது, திரும்பி வந்தவரிடம் அவராகச் சொல்லும்வரை எதுவும் கேட்கக் கூடாது. அலுவலகத்து விதிகளைவிட இவற்றை மக்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட, பத்து பத்துக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடம் விட்டு, எழுந்து வெயிலில் போய் நின்றார்கள்.

எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. உரக்கடை சொர்ணலிங்கம் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் விட்ட வங்கிப் பரீட்சைக்குப் போய்விட்டு வந்து, இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் டீ குடிக்க வந்தார்.

"எழுதுனியாண்ணே?" என்றார்கள்.

"எழுதுனேன்."

"ரிசல்ட்டு?"

"அது எப்பிடி வரும்? பேப்பர அங்கதான குடுத்துட்டு வந்தேன்." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "லேசாத்தான் இருந்துச்சு. ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், போயிருந்தாலும் நமக்குக் கெடைச்சிருக்காதுன்னு இத்தன வருசமா மனச ஆத்தி வச்சிருந்தேன். கேள்வி எல்லாம் தெரிஞ்ச கேள்வியா இருந்துச்சு."

ராக்கம்மாள் அன்றைக்கு அவருடைய டம்ளரைக் கழுவாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால், தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டபின் அந்தப் பஸ் உடனே புறப்படுவதில்லை. கண்டக்டர் படியிலிருந்து எட்டி, சுவரோரமாகத் தலையை நீட்டி, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையைப் பார்ப்பார். ஒருமுறை விசில் கொடுப்பார். காத்திருப்பார். பிறகு இரண்டு விசில் கொடுப்பார், பஸ் தண்ணீர்மேல் திரும்பிப் போகும். அது யாருக்கான காத்திருப்பு என்று ஊருக்குத் தெரியும். விசில் கேட்கும் நேரத்தில் ராக்கம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆனி மாதத்தில், நாலு வயது மகன் கதிரேசனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் இதே விலக்குக்கு வந்தாள். மூன்று நாள் காய்ச்சல். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கையகல நிழல்கூட இல்லை. கொதிக்கிற உடம்பை வெயிலில் வைத்திருக்க மனம் வராமல், நூறடி தள்ளியிருந்த புளியமரத்துக்குக் கீழே போய் நின்றாள். பஸ் வந்தது. ஓடினாள். நிறுத்தத்தில் யாரும் இல்லாததால் டிரைவர் நிறுத்தவில்லை. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பையனின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் பையன் போய்விட்டான். அவள் புருஷன் அதே வாக்கியத்தை வேறு குரலில் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவளோ அந்த வாக்கியத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தாள், நூறடியைக் கழித்துப் பார்த்தாள், மிஞ்சியதை இரண்டு வரி மனுவாக எழுதினாள்.

இப்போது அந்தப் பஸ் தினமும் வந்து விசில் அடித்தது. ஏறிப் போனால், இரண்டு மணி நேரம் முன்னதாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துவிடும். பிழைத்திருப்பான் என்று தெரிந்தால், ஒரு மரநிழலுக்காகப் பிள்ளையைக் கொடுத்தவள் ஆவாள். பிழைத்திருக்கமாட்டான் என்று தெரிந்தால், இருபத்திரண்டு வருஷத்துத் திங்கள்கிழமைகளை எதற்குக் கொடுத்தாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான், அலுவலகத்துக்கே உரிய நிதானத்தோடு நடந்துவந்த அவளுடைய இரண்டாவது மனு, போய்ச் சேர வேண்டிய மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. நிழற்குடை விதிக்கு மாறாகச் சாலைக்கு முதுகு காட்டி நிற்பதாகவும், பதினைந்து நாள் கழித்து மாலை ஐந்து மணிக்குமேல் சுவரை இடித்துத் திருப்பிக் கட்டப்படும் என்றும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் தனுஷ்கோடி வந்து அறிவிப்பு ஒட்டினார். கவுன்சிலரின் பெயருக்கு மேலேயே ஒட்ட வேண்டியதாகிவிட்டது.

ஊர் பதறிப்போயிற்று. திறந்த பக்கத்துக்குத்தானே பஸ் வரும்? குடை சாலையைப் பார்த்துத் திரும்பிவிட்டால் கண்மாய்ப் பஸ் எங்கே வந்து நிற்கும்? இன்னும் போகாதவர்கள் எத்தனை பேர்! எல்லோரும் ஆட்சேபம் எழுத வெள்ளைத்தாளோடு புறப்பட்டார்கள். மனு எழுத அவர்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். ராக்கம்மாள் ஒவ்வொருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, அவரவர் சொன்னதைக் கேட்டு, தன் மனுவுக்கு எதிராக நாற்பத்தொரு ஆட்சேபங்களைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

தனுஷ்கோடி அந்தக் கட்டோடு கடைக்கு வந்தார்.

"எல்லாம் உங்க கையெழுத்தா இருக்கேக்கா!"

"கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன். தப்பா இருக்கா?"

"தப்பு இல்ல. ஆனா படிவத்துல பஸ்ஸோட தட எண் போடணும். அந்தப் பஸ்ஸுல போர்டே புழுதியா இருக்கு, நானே போய்ப் பாத்தேன். எண் இல்லாம இது ஒண்ணும் செல்லாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க மனுவ வாபஸ் வாங்குனா ஒரே காகிதத்துல முடிஞ்சிரும். தப்பாக் கட்டுனது நான்தான். அத நான் சமாளிச்சுக்கிறேன்."

"நீங்க எந்தப் பஸ்ஸ விட்டீங்க தம்பி?"

அவர் கட்டின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கினார். ஊர் வகுத்த விதிப்படி அவளும் மறுபடி கேட்கவில்லை. மனுவை வாபஸ் வாங்குவதா வேண்டாமா என்றும் அவள் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, நர்சிங் படிக்கும் அகிலா செய்முறைத் தேர்வுக்குப் போகக் காத்திருந்தாள். முறையில் நின்றவர் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில் பஸ் போய்விட்டது. சத்தம் கேட்டுச் சுவரைச் சுற்றி ஓடிவந்தவள், சாலை நடுவில் ஒரு செருப்போடு நின்றாள். ராக்கம்மாள் டீக்கடையிலிருந்து அதைப் பார்த்தாள். அந்தக் கால்கள் ஓடிய விதம் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது.

ஜெய்னம்பு அந்தப் பெண்ணை அணைத்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். "அழாதடி. விட்ட பஸ்ஸு எங்க போயிரப்போகுது? ஒருநாள் அந்தப் பக்கமா உனக்கும் வரும்."

"எப்ப வரும்?" என்றாள் ராக்கம்மாள்.

"என்ன ராக்கு?"

"இவ தலை நரைச்சு வர்றப்ப வரும். போய்ப் பரீட்ச எழுதிட்டு, வெறுங்கையோட வந்து இறங்குவா. அதுக்கு இன்னைக்கே ஒரு பஸ்ஸு நிக்கட்டுமே ஜெய்னம்பு." கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, டவுனுக்குப் போகிற ஒரு வேனைக் கைகாட்டி மறித்து, அகிலாவை ஏற்றிவிட்டாள். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "மனு மனுவாத்தான் இருக்கும். வாபஸ் கெடையாது."

சொல்லி முடித்த பிறகுதான், தனக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

பதின்மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் விசில் கேட்டது. அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். பதினைந்தாம் நாள் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ஈரத்துணி ஒன்றும் தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டுச் சாலையைக் கடந்தாள். நிழற்குடையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். பத்து பத்துக்குப் பஸ் வந்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவள் ஏறுவதற்குக் கை கொடுத்தார். ஏறும்போது அவள் கைகளில் துணியும் தண்ணீரும் மட்டும்தான் இருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மடி கனத்தது. பஸ் திரும்பும்போது, அவள் குனிந்து எதையோ துடைத்துவிடுவதைக் கரையில் நின்ற நாங்கள் பார்த்தோம்.

ஐந்து மணிக்குக் கடப்பாரைகளோடு சூசையும் ஆட்களும் வந்துவிட்டார்கள். தனுஷ்கோடி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து இருபது பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கையில் துணி இருந்தது, காய்ந்திருந்தது. நிழற்குடையின் முதுகில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவளாகத்தான் சொன்னாள்.

"பஸ்ஸுல பூராவும் மடியில தூங்குனான். ஜன்னல் காத்து பட்டுக்கிட்டே இருந்துச்சு. கட்டில் காலியா இருந்துச்சு, படுக்க வச்சாங்க. அன்னைக்கு வராண்டாவுலதான கெடந்தான்."

துணியை நாலாக மடித்தாள்.

"அதே டாக்டர்தான் தம்பி. ரெண்டு மணி நேரம் முன்னாடியே போயிட்டேன்ல. இமையத் தூக்கிப் பாத்தாரு. 'கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா'ன்னாரு. அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல."

சூசை தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தனுஷ்கோடி இடிப்பு உத்தரவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"அப்ப… நிறுத்திரவாக்கா? இன்னும் நான் கையெழுத்துப் போடல."

"எதுக்கு நிறுத்தணும்?" என்றாள் ராக்கம்மாள். "நிழல் இல்லாததால அவன் சாகல தம்பி. ஆனாலும் நிழல் வேணும். திருப்புங்க."

பதினோரு நாளில் வேலை முடிந்தது. நிழற்குடை இப்போது சாலையைப் பார்க்கிறது. கவுன்சிலரின் பெயர் கண்மாயைப் பார்க்கிறது, கொக்குகள் படித்துக்கொள்கின்றன. தனுஷ்கோடி டேப்போடு வந்து, உயரம், நீளம், தார் விளிம்பிலிருந்து தூரம், சக்கர நாற்காலி ஏறும் சரிவு எல்லாவற்றையும் அளந்து அளவைப் புத்தகத்தில் எழுதினார். பின்சுவரில், உட்கார்ந்தால் பிடரி வரும் உயரத்தில், ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருந்தது. சூசையைப் பார்த்தார்.

"ஒரு கல்லு குறைஞ்சிருச்சு சார்" என்றார் சூசை, செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

தனுஷ்கோடி அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். அதை மட்டும் அவர் எழுதவில்லை.

கண்மாயில் இப்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது. ஆனாலும் பத்து பத்துக்கு அந்த ஓட்டை வழியாகப் புழுதி கலந்த காற்று கொஞ்சம் வரும். உட்கார்ந்திருப்பவர்கள் பிடரியைத் துடைத்துக்கொள்வார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த திங்கள்கிழமை ராக்கம்மாள் கடையைச் சாத்திவிட்டு, நிழற்குடையில் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டு வந்த நிழலில் அவள் சாலைப் பஸ்ஸுக்காக உட்காருவது அதுதான் முதல் தடவை. "இன்னைக்கு என்ன மனு ராக்கு?" என்று ஜெய்னம்பு கேட்டாள். ராக்கம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். டவுனில் என்ன வேலை என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. தெற்கே வெகு தூரத்தில், வெயிலில் நெளிகிற சாலையில், பஸ் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வருவதை உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டினாள். பஸ் நின்றது. அவள் நடந்தே போய் ஏறினாள்.